கிணத்து டேட்டாவுக்கு மெட்டாடேட்டா ஃபார்ம்: எந்தக் கட்டத்துல என்னத்த எழுதறது?

கொழிஞ்சாம்பாறை_கிணறு கேட்டது:

வணக்கமுங்க. புவியியல்ல பிஎச்டி பண்ணிட்டிருக்கறேன், ஊரு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். ஆய்வு நடத்தினதும் இங்கயேதான். சித்தூர் தாலூக்காவோட கிழக்கு ஓரம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைன்னு மூணு பஞ்சாயத்து, அப்புறம் வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர் மாவட்டத்துக்குள்ள கொஞ்சம் கிணறுங்க. வெளியூர்க்காரங்களுக்குப் பாலக்காடுன்னா நெல்லுவயல்தான் நெனப்பு. எங்க பக்கம் மழை மறைவு, கரிசல் மண்ணு, கடலை, தென்னை, கள்ளு எறக்கறது. ஆழியாத்துத் தண்ணி வந்தா உண்டு, இல்லாட்டி கிணறு, அதுவும் வத்திப்போச்சுன்னா போர்.

கையில இருக்கறது இருநூத்துச் சொச்சம் திறந்த கிணறு, எழுபதுக்கு மேல போர்வெல்லு. ஒவ்வொண்ணுக்கும் இடம், ஆழம், கோடையில ஒருக்கா மழைக்கப்புறம் ஒருக்கா எடுத்த நீர்மட்டம், பாசனப் பரப்பு. கூடவே செயற்கைக்கோள் படத்த வெச்சுப் பண்ணின நிலப்பயன்பாட்டு லேயர் (மேப்பு அடுக்கு) ஒண்ணு, பழைய டோப்போ ஷீட்ல (நில அளவை வரைபடத்துல) இருந்து வரைஞ்செடுத்த ஏரி குளம் லேயர் ஒண்ணு. இதையெல்லாம் டேட்டா காப்பகத்துல ஏத்தி டிஓஐ (டேட்டாவுக்குக் குடுக்கற நிரந்தர அடையாள எண்) வாங்கிட்டு வான்னு கைடு சொல்லிட்டாரு.

டேட்டாவப் பத்தின விவரம் கேக்கற மெட்டாடேட்டா ஃபார்மத் தொறந்தா கட்டம் கட்டமா கீழ போயிட்டே இருக்குது. நட்சத்திரம் போட்ட கட்டாயக் கட்டத்த மட்டும் ரொப்பி அனுப்பினேன். "கூடுதல் விவரம் தேவை"ன்னு ஒத்த வரியில திரும்பி வந்துருச்சு. என்ன விவரம், எந்தக் கட்டத்துல, ஒண்ணும் சொல்லலை.

எனக்கு நிக்கற எடமெல்லாம் சொல்றேன். ஆய்வு எடத்தோட நாலு பக்க எல்லையக் கேக்கற பவுண்டிங் பாக்ஸ்ல நாலு நம்பர் போட்டா மேப்புல பாலக்காடே காணோம், வட துருவத்துப் பக்கம் கடலுக்குள்ள ஒரு சின்னப் பெட்டி நிக்குது. டாபிக் கேட்டகரியில விவசாயம் போடறதா தண்ணி போடறதா? மொழிங்கற கட்டத்துல, கிணத்துப் பேரெல்லாம் தமிழ், சில எடத்துல மலையாளம், தலைப்பு இங்கிலீஷ், அப்ப என்ன போடறது? தேதிக்கே நாலு கட்டம் இருக்குது. லீனியேஜுன்னு, டேட்டா எப்படி உருவாச்சுன்னு கேக்கற ஒரு பெரிய கட்டம், அதுல "ஃபீல்டு சர்வே"ன்னு எழுதி வெச்சிருக்கறேன், போதுமுங்களா? இன்னொண்ணு, என் போன்லயும் கூட வந்த தோழி போன்லயும் ஒரே கிணத்து மேட்டுல நின்னு எடுத்த உயரம் தொண்ணூறு மீட்டர் கிட்ட வித்தியாசம் காட்டுது. எந்தப் போன நம்பறது?

தெரிஞ்சவங்க சொல்லிக் குடுங்க. பெரிய பெரிய ஸ்டாண்டர்டு பேரச் சொல்லிப் படின்னு விட்றாதீங்க, அதையெல்லாம் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்.

நகரி_நூல் எழுதினது:

நான் இருக்கறது ஆந்திரப் பக்கம், நகரி. பிழைப்பு ஒரு பல்கலைக்கழக நூலகத்துல, ஆராய்ச்சி டேட்டாவ வாங்கி வைக்கற பிரிவு. நீங்க ரொப்பற ஃபார்ம் மாதிரி வர்றதைப் படிச்சுத் திருப்பி அனுப்பறதே என் வேலைன்றதால, உங்களுக்கு ஒத்த வரி பதில் போட்ட ஆளு மேல எனக்கும் கோவம்தான். திருப்பி அனுப்பறவன் எந்தக் கட்டம்னு சொல்லணும் இல்லியா?

மொதல்ல கடல்ல நிக்கற பெட்டிய எடுத்து கரையில வைப்போம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் எடம் மாறிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. 76.8 வடக்கு, 10.7 கிழக்குன்னு போட்டா அது ஸ்வால்பார்டு தீவுக்கு மேற்கே இருக்கற கடல். மேற்கு, கிழக்கு ரெண்டுலயும் 76-ல ஆரம்பிக்கற நம்பர் வரணும், தெற்கு, வடக்கு ரெண்டுலயும் 10-ல ஆரம்பிக்கறது வரணும். அந்த நம்பரையும் கண்ணால பாத்துப் போடாதீங்க. கியூஜிஐஎஸ்ன்ற மேப்பு மென்பொருள்ல லேயரோட எக்ஸ்டென்ட்ட (நாலு பக்க எல்லைய) எடுத்து ரெண்டு தசமத்துக்கு வெளிப்பக்கமா முழுசாக்கிப் போடுங்க. நிறைய பேரு மாவட்டத்தோட முழு எல்லையத் தூக்கிப் போட்டுடறாங்க. அப்புறம் மண்ணார்க்காட்டுக்குத் தேடறவனுக்கும் உங்க எருத்தேம்பதிக் கிணறு வந்து நிக்கும், அவன் தொறந்து பாத்துட்டுத் திட்டுவான்.

டிகிரி, நிமிஷம், விநாடியில குறிச்சிருந்தா இன்னொரு குழி இருக்கு. 10 டிகிரி 44 நிமிஷம் 30 விநாடின்றத 10.4430-ன்னு தட்டிடுவாங்க. சரியான தசமம் 10.7417. வித்தியாசம் 33 கிலோமீட்டர், உங்க கிணறு நேரா தெற்கே பரம்பிக்குளம் காட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். கடல்ல விழுந்தா உடனே தெரியும். காட்டுல விழுந்தா பக்கத்து ஊருதானேன்னு யாரும் கவனிக்க மாட்டாங்க.

ஆயத்தொலை முறை கட்டத்துல, லேயர் எதுல இருக்கோ அதையே போடுங்க. ஜிபிஎஸ் புள்ளிய அப்படியே வெச்சிருந்தா ஜிபிஎஸ் பயன்படுத்தற டபிள்யூஜிஎஸ் 84 முறை, அதோட பட்டியல் எண் இபிஎஸ்ஜி 4326. பரப்பு கணக்குப் போட, மீட்டர்ல அளக்கற யூடிஎம் முறைக்கு மாத்தியிருந்தா உங்க பக்கம் மண்டலம் 43, அதாவது இபிஎஸ்ஜி 32643. எங்க நகரி, திருத்தணி எல்லாம் 44. நடுவுல 78 டிகிரி கோடு ஓடுது, பழனி உங்க பக்கம், மதுரை எங்க பக்கம். லேயர் யூடிஎம்ல இருந்தாலும் பவுண்டிங் பாக்ஸ் டிகிரியிலதான் கேக்கும், அதுல குழம்பாதீங்க. டோப்போ ஷீட்ல இருந்து வரைஞ்ச ஏரி லேயர் தனிக் கதை. பழைய ஷீட்டு எவரெஸ்ட் டேட்டம், அதாவது வேற பூமி வடிவத்த அடிப்படையா வெச்சு அளந்தது. அதை மாத்தாம டபிள்யூஜிஎஸ்னு பேரு மட்டும் ஒட்டினா எல்லா ஏரியும் நூறு இருநூறு மீட்டர் தள்ளி நிக்கும். ஷீட் நம்பர், அளவை செஞ்ச வருஷம், அச்சான வருஷம் மூணும் ஷீட்டோட ஓரத்துல இருக்கும், அப்படியே எடுத்து எழுதுங்க. அளவை வருஷம் முக்கியம், ஏன்னா அந்த ஏரி அந்த வருஷத்து ஏரி.

டாபிக் கேட்டகரி, மெட்டாடேட்டாவுக்கான ஐஎஸ்ஓ 19115 தரநிலையில இருந்து வர்ற பட்டியல், 2003-ல போட்டதுல மொத்தம் 19. ஒண்ணுதான் தேர்ந்தெடுக்கணும்னு சட்டமில்ல. கிணத்துக்கு இன்லேண்ட் வாட்டர்ஸ், கூடவே ஜியோசயன்டிஃபிக் இன்ஃபர்மேஷன். நிலப்பயன்பாட்டுக்கு ஃபார்மிங் இல்லன்னா இமேஜரி பேஸ் மேப்ஸ். மூணு லேயரையும் ஒரே பதிவுக்குள்ள போட்டு அமுக்காம மூணு பதிவாப் பிரிச்சு, ஒண்ணுக்கொண்ணு தொடர்புன்னு காட்டினா இந்தச் சிக்கலே பாதி போயிடும்.

மொழிக் கட்டத்துல ரெண்டு விஷயம் கேக்கறாங்க. டேட்டாவோட மொழி வேற, மெட்டாடேட்டாவோட மொழி வேற. டேட்டாவுக்குத் தமிழ், மலையாளம் ரெண்டையும் போடுங்க. மெட்டாடேட்டா இங்கிலீஷுன்னா இங்கிலீஷ். மாற்றுத் தலைப்புன்னு ஒரு கட்டம் இருந்தா அதுல தமிழ்த் தலைப்பத் தாராளமா எழுதுங்க, யாரும் எழுதறதில்ல, காலியாவே கிடக்கும். இடக் குறிச்சொல்லுல வெறும் சித்தூர்னு போட்டீங்கன்னா எங்க ஆந்திரச் சித்தூர்க்காரன் எல்லாம் உங்க கிணத்துல வந்து எட்டிப் பாப்பான். சித்தூர், பாலக்காடு, கேரளம்னு படியா எழுதி, ஜியோநேம்ஸ்ன்ற இடப்பேர்ப் பட்டியல்ல இருக்கற எண்ணையும் சேத்துடுங்க. தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிணறு இருக்கறதால கோயமுத்தூரையும் போடணும்.

இப்ப நட்சத்திரத்துக்கு வர்றேன். டிஓஐ குடுக்கற டேட்டாசைட் அமைப்போட விதியில கட்டாயம்னு இருக்கறதே ஆறுதான்: அடையாள எண், உருவாக்கினவர், தலைப்பு, வெளியிடறவர், வெளியீட்டு ஆண்டு, என்ன வகை. இந்த ஆறுல எந்த ஊருன்னு கேக்கற கட்டம் கிடையாது, எப்படி அளந்தேன்னு கேக்கறதும் கிடையாது. ஆக, நட்சத்திரத்த மட்டும் ரொப்பினா உங்க டேட்டாவுக்கு டிஓஐ கெடைக்கும், ஆனா அது கிணறா கோயிலான்னு கூடத் தெரியாது. லீனியேஜ் கட்டத்துலதான் நீங்க உக்காந்து நேரம் செலவழிக்கணும். பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் உங்க ஃபைலத் தொறப்பான், உங்களுக்கு போன் போட்டுக் கேக்க முடியாது. அவன் என்னென்ன கேப்பானோ அதையெல்லாம் அங்க எழுதுங்க.

உங்க கிணத்தையே எடுத்துக்கறேன். நீர்மட்டம் 9.4 மீட்டர்னு ஒரு நம்பர் இருக்கு. எதுல இருந்து 9.4? தரையில இருந்தா, ஆள்மறையோட, அதாவது கிணத்தச் சுத்திக் கட்டின சுவரோட, மேல் விளிம்புல இருந்தா? உங்க ஊர்க் கிணத்துல ஆள்மறை ஒண்ணு முழங்கால் உயரம் இருக்கும், ஒண்ணு இடுப்பு உயரம் இருக்கும், தோட்டத்துக் கிணத்துல இருக்கவே இருக்காது. அதுலயே ஒரு மீட்டர் போயிடுது. அளக்கும்போது மோட்டார் ஓடிட்டிருந்துதா, நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு? ஆழம் நீங்க நாடா விட்டு அளந்ததா, இல்ல தோட்டக்காரர் சொன்னதா? அவர் சொன்னது அடியிலயா கோல்லயா? மேற்கே போகப் போக கிணத்தக் கோல் கணக்குலதான் சொல்லுவாங்க, ஒரு கோல் சுமார் 72 சென்டிமீட்டர். யாரோ கோல்ல சொன்னத நீங்க அடின்னு எழுதியிருந்தா கிணறு பாதிக்கும் கீழ வந்துடும். வத்திப்போன கிணத்துக்கு என்ன போட்டீங்க? சைபர்னு போட்டா தண்ணி தரைமட்டம் வரைக்கும் நிரம்பி வழியுதுன்னு அர்த்தம். காலியா விட்டா அளக்கவே இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் வத்தின கிணறு கிடையாது. அதுக்குத் தனி நெடுவரிசை வெச்சு "வறண்டது"ன்னு குறிங்க, அதை லீனியேஜ்லயும் சொல்லுங்க.

நான் எழுதினா இப்படி எழுதுவேன், உங்க உண்மைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க:

"கிணறுகளின் இடம் கைப்பேசி ஜிபிஎஸ் கொண்டு கிணற்று விளிம்பில் நின்று எடுக்கப்பட்டது. நீர்மட்டம் எடை கட்டிய அளவு நாடாவால் ஆள்மறையின் மேல்விளிம்பிலிருந்து அளக்கப்பட்டு, ஆள்மறையின் உயரம் கழிக்கப்பட்டு, தரைமட்டத்திலிருந்து மீட்டரில் தரப்பட்டுள்ளது. அளக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்த கிணறுகள் தனி நெடுவரிசையில் குறிக்கப்பட்டுள்ளன. போர்வெல் ஆழம் அளக்கப்படவில்லை, உரிமையாளர் சொன்னது. அடியிலும் கோலிலும் சொல்லப்பட்டவை மீட்டருக்கு மாற்றப்பட்டுள்ளன, சொன்ன அலகு தனியாக வைக்கப்பட்டுள்ளது."

தேதி சீக்கிரம் முடிஞ்சிடும். உருவாக்கின தேதி, வெளியிட்ட தேதி, திருத்தின தேதி, இது மூணும் ஃபைலோடது. அளந்த காலம்னு கேக்கறது வேற, அது கிணத்துக்கிட்ட நீங்க நின்ன தேதி, ஆரம்பம் முடிவு ரெண்டும் வேணும். வருஷம், மாசம், நாள்ன்ற வரிசையிலதான் போடணும். உங்களுக்கு ரெண்டு பருவம்ன்றதால ரெண்டு காலத்தையும் தனித்தனியா சொல்லுங்க. "மழைக்கு அப்புறம்"னு மட்டும் எழுதினா உங்க ஊர்ல அது எந்த மழை? ஜூன்ல வர்றதா, துலாமாசம் (ஐப்பசி) வர்றதா? மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர்னு வருஷத்துக்கு நாலு தடவ அளக்குது. உங்க மாசம் அதுல எதோட ஒட்டுதுன்னு ஒரு வரி சேத்தீங்கன்னா ஒப்பிடறவனுக்குப் புண்ணியமாப் போகும்.

உயரம் பத்தி சர்வே ஆளுங்க யாராவது வந்து சொல்லட்டும், எனக்குத் தெரிஞ்சத விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

வாளையாறு_தியோடலைட் எழுதினது:

ரெண்டு போனும் சரியாத்தான் காட்டுது. ஒண்ணு ஆண்ட்ராய்டு, ஒண்ணு ஐபோன், சரிதானா?

ஆண்ட்ராய்டு குடுக்கற உயரம் டபிள்யூஜிஎஸ் 84 நீள்வட்டத்துக்கு, அதாவது கணக்குக்காக வழவழப்பா வெச்ச பூமி வடிவத்துக்கு, மேல. ஐபோன் குடுக்கறது கடல் மட்டத்துக்கு மேல. தென்னிந்தியாவுல கடல் மட்டம்னு நாம சொல்ற ஜியாய்டு அந்த நீள்வட்டத்துக்குக் கீழ கெடக்குது, நம்ம பக்கம் ஏறக்குறைய 90 மீட்டர் கீழ. அதான் உங்க தொண்ணூறு. உலகத்துலயே ஜியாய்டு அதிகமாப் பள்ளம் விழுந்த எடம் இலங்கைக்குத் தெக்கே இந்தியப் பெருங்கடல்லதான் இருக்குது, அதோட ஓரத்துல நாம குடியிருக்கறோம்.

அதனால, எதுல இருந்து அளந்த உயரம்னு கேக்கற உயர டேட்டம் கட்டத்த காலியா விடாதீங்க. ரெண்டு போன் நம்பரையும் ஒரே நெடுவரிசையில கலந்து வெச்சிருந்தா மொதல்ல பிரிங்க. நான் கேட்டா போன் உயரத்தையே தூக்கிப் போட்டுட்டு எஸ்ஆர்டிஎம்ங்கற உயர டேட்டாவுல இருந்து எடுத்துக்கோங்கம்பேன். 2000 பிப்ரவரியில விண்கலத்துல இருந்து எடுத்தது, சுமார் 30 மீட்டர் கட்டம், உயரம் ஈஜிஎம் 96ங்கற ஜியாய்டு மாதிரிக்கு மேல. மூணையும் அப்படியே லீனியேஜ்ல எழுதுங்க.

போன்ல "துல்லியம் 4 மீட்டர்"னு காட்டறத அப்படியே பொசிஷனல் அக்யூரசி (இடத் துல்லியம்) கட்டத்துல போடறாங்க, எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வருது. ஆண்ட்ராய்டுல அது 68 சதவீத வாய்ப்புக்கான வட்டம். நூறு கிணத்துல முப்பது வெளிய இருந்தாலும் போன் சொன்னது பொய்யில்ல. தென்னந்தோப்புக்குள்ள நின்னு எடுத்ததும் வெட்டவெளியில எடுத்ததும் ஒண்ணில்ல. தெளிவாத் தெரியற கொஞ்சம் கிணத்த செயற்கைக்கோள் படத்து மேல வெச்சுப் பாத்து, எவ்வளவு தள்ளி விழுதுன்னு எழுதுங்க. அப்புறம் தசமம் அஞ்சு போதும், அதுவே ஒரு மீட்டர் கணக்கு. பதினஞ்சு தசமம் போட்டு அனுப்பறவங்க கிணத்துக்குள்ள இருக்கற தவளையையா அளந்தாங்க?

கோபாலபுரம்_தோப்பு எழுதினது:

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லீங்க, தென்னந்தோப்புக்காரன். எல்லைக்கு இந்தப் பக்கம். எங்க பக்கத்துலயும் காலேஜுப் பசங்க வந்து கிணத்த அளந்துட்டுப் போனாங்க, மோரு குடுத்து அனுப்பினோம். கேக்கறதெல்லாம் ஒண்ணுதான். இது இன்டர்நெட்ல ஏறப் போகுதா? அதுல எம்பேரு, போன் நம்பரு, போர் எத்தனை அடி, எத்தனை எச்பி மோட்டாருன்னெல்லாம் வருமா?

சித்தூர் பிளாக்குல தண்ணி அளவுக்கு மேல உறிஞ்சறாங்கன்னு சர்க்காரே பட்டியல் போட்டிருந்துச்சு. கேரளாவுல 2002-லயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தாச்சு, போர் போட அனுமதி வேணுங்கறாங்க. அனுமதி வாங்கினவனும் இருக்கறான், வாங்காதவனும் இருக்கறான். பொண்ணு மேல நம்பிக்கை வெச்சு உள்ளதச் சொன்னவன் நாளைக்கு மாட்டிக்கக் கூடாது பாருங்க. பட்டனத் தட்டறதுக்கு முன்னாடி அந்தப் பேர் நெடுவரிசைய அழிச்சிருங்க கண்ணு.

நகரி_நூல் எழுதினது:

தோப்புக்காரர் கேட்டது ஃபார்ம்ல ரெண்டு கட்டத்துக்குள்ள வருது, பலரும் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு ரெண்டுலயும் சிசி பைன்னு (பேரைச் சொல்லிட்டு யாரும் பயன்படுத்தலாம்ன்ற உரிமம்) போட்டுடறாங்க. அக்சஸ்னு கேக்கறது யார் எடுக்கலாம்ன்றது. யூஸ்னு கேக்கறது எடுத்தவன் என்ன பண்ணலாம்ன்றது.

பேரும் போன் நம்பரும் எந்த ஃபைல்லயும் போகக் கூடாது. 2023-ல தனிநபர் தரவுச் சட்டம் வந்தாச்சு, ஆனா சட்டம் இல்லாட்டியும் போகக் கூடாது. பேர மட்டும் அழிச்சாப் போதாது, அஞ்சு தசமத்துல இடம் இருந்தா ஊர்க்காரன் எவனும் "இது இன்னார் கிணறு"ன்னு சொல்லிடுவான். அதனால ரெண்டு பதிப்பு பண்ணுங்க. எல்லாருக்கும் தொறந்த பதிப்புல போர்வெல்லுக்கு ரெண்டு தசமம், அதுவே சுமார் ஒரு கிலோமீட்டர் கட்டமா மங்கலாக்கிடும். முழுத் துல்லியப் பதிப்பு கேட்டுத்தான் வாங்கணும், எதுக்குன்னு காரணம் எழுதிக் குடுத்து. மங்கலாக்கினத மறைக்காம லீனியேஜ்ல சொல்லிடணும், இல்லன்னா வாளையாறு அண்ணன் மாதிரி ஒருத்தர் உங்க அளவை தப்புன்னு எழுதிடுவாரு. களத்துல சம்மதம் வாங்கும்போது என்ன சொல்லி வாங்கினீங்களோ அதுக்கு மேல ஒரு அடி கூடப் போகாதீங்க.

யூஸ் கட்டத்துல கிணத்து லேயருக்கு சிசி பை 4.0 போடலாம், அது உங்க உழைப்பு. நிலப்பயன்பாட்டுக்கு எந்தப் படம் எடுத்தீங்க? சென்டினல் 2 செயற்கைக்கோள்னா ஐரோப்பாவோட கோப்பர்நிக்கஸ் திட்டத் தரவுல இருந்து மாத்தினதுன்னு வருஷத்தோட ஒரு வரி போடணும். சாலை, கால்வாய் ஏதாவது, எல்லாரும் சேந்து வரையற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து எடுத்துக் கலந்திருந்தா அதோட உரிமம் ஓடிபிஎல், சேர்த்துச் செஞ்ச டேட்டாபேஸையும் அதே நிபந்தனையில குடுன்னு கேக்கும். கூகுள் எர்த் படத்து மேல வரைஞ்சதுன்னா அவங்க நிபந்தனையப் படிக்காம சிசி பை போடவே போடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை_கிணறு எழுதினது:

எல்லாருக்கும் நன்றிங்க. கோபாலபுரத்து அண்ணா, பேரு, நம்பர் ரெண்டும் எடுத்தாச்சு. ஆண்ட்ராய்டும் ஐபோனும்தான், வாளையாறு அண்ணா எப்படிங்க கண்டுபிடிச்சீங்க! சென்டினல் 2 தான், சாலை எதுவும் சேர்க்கலை.

சுருக்கம் கட்டத்துக்கு இப்படி எழுதியிருக்கறேன், பாத்துச் சொல்லுங்க:

"பாலக்காடு இடைவெளியின் கிழக்குப் பகுதியில் முதன்முறையாக மேற்கொள்ளப்பட்ட விரிவான ஆய்வின் அடிப்படையில் கிணறுகள் குறித்த முக்கியமான தரவுகள் இதில் இடம்பெற்றுள்ளன. இது ஆராய்ச்சியாளர்களுக்கும் கொள்கை வகுப்பாளர்களுக்கும் பெரிதும் பயன்படும்."

இன்னொரு தொல்லை. ஷேப்ஃபைலா (மேப்பு லேயர் வைக்கற பழைய ஃபைல் வகை) சேமிச்சா நெடுவரிசைத் தலைப்பெல்லாம் வெட்டுப்பட்டு வருது. கிணறுன்னு வெச்சது கிணன்னு நிக்குது.

நகரி_நூல் எழுதினது:

முதன்முறையாக, விரிவான, முக்கியமான, பெரிதும், நாலையும் அடிங்க. அடிச்சப்புறம் என்ன மிச்சம்னு பாருங்க, கிணறுன்ற ஒரு சொல்லுதான். யாருக்குப் பயன்படும்னு நீங்க சொல்ல வேணாம், தேடி வர்றவனுக்கு அது தெரியும். எத்தனை கிணறு, எந்தப் பஞ்சாயத்து, எந்த மாசம், என்னென்ன அளந்தீங்க, எது இதுல இல்ல. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம். நீரோட தரம் பாக்கலைன்னா "உப்புத்தன்மை, ஃபுளோரைடு அளக்கப்படவில்லை"ன்னு ஒரு வரி எழுதிடுங்க, ஃபுளோரைடு தேடறவன் டவுன்லோடு பண்ணி ஏமாற மாட்டான்.

"பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளிலும் அதை ஒட்டிய கோயமுத்தூர் மாவட்டப் பகுதியிலும் உள்ள திறந்த கிணறுகள், குழாய்க்கிணறுகளின் இடம், ஆழம், இரு பருவ நீர்மட்டம், பாசனப் பரப்பு." இப்படி ஆரம்பிச்சு எண்ணிக்கையையும் மாசத்தையும் நீங்க நிரப்புங்க.

ஷேப்ஃபைல்ல நெடுவரிசைப் பேருக்கு 10 பைட்டுதான் எடம். யூடிஎஃப் 8-ன்ற எழுத்துக் குறியாக்கத்துல தமிழ்ல ஒரு குறிக்கு 3 பைட்டு, கொக்கி, சுழிக்குத் தனியா 3. அப்ப மூணு குறிதான் நுழையும், க, அதோட கொக்கி, ண. உள்ள எழுதற மதிப்புக்கும் 254 பைட்டு, அதாவது 84 குறி. ஜியோபேக்கேஜ்ன்ற புது ஃபைல் வகையா சேமிங்க, இந்தத் தொல்லையே இல்ல. கூடவே ஒரு சிஎஸ்வி வைங்க, எக்செல்ல தொறந்தா தமிழ் குழம்பாம இருக்க பிஓஎம் (ஃபைல் தொடக்கத்துல வைக்கற அடையாளக் குறி) சேத்த யூடிஎஃப் 8-ஆ. நெடுவரிசை ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம், என்ன அலகு, காலின்னா என்னன்னு ஒரு தனிப் பட்டியலும் அதே மூட்டையில போகணும்.

கொழிஞ்சாம்பாறை_கிணறு எழுதினது:

அண்ணா, கடைசியா ஒண்ணே ஒண்ணு. தொடர்புக்குன்னு ஈமெயில் கேக்குது. எனக்கு இருக்கறது காலேஜு ஈமெயில்தான், பிஎச்டி முடிஞ்சா அதையும் மூடிருவாங்க. கைடும் இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர்.

நகரி_நூல் எழுதினது:

உருவாக்கினவர் கட்டத்துல உங்க பேரு, ஆராய்ச்சியாளருக்குக் குடுக்கற ஆர்கிட் அடையாள எண்ணோட. இல்லைன்னா இப்பவே போட்டுக்கோங்க, இலவசம், 16 இலக்கம், நீங்க எங்க வேலைக்குப் போனாலும் கூட வரும். பேர இங்கிலீஷ்ல இனிஷியல் முன்னாடி பின்னாடி மாத்தி மாத்தி எழுதற நமக்கு அது ரொம்பத் தேவை. தொடர்பாளர் கட்டத்துல துறையோட பொது ஈமெயில் இருந்தா அது, இல்லன்னா காப்பகத்தோட ஈமெயிலக் கேட்டு வாங்கிப் போடுங்க, முழுப் பதிப்பக் கேட்டு வர்ற மனு அங்கதான் போகணும். கைடு பேரு பங்களிச்சவர்ல, பொறுப்பு மேற்பார்வையாளர்னு. அளக்கக் கூட வந்த தோழி பேரையும் மறக்காம டேட்டா கலெக்டர்னு போடுங்க, அந்தப் பொறுப்புக்குன்னே பட்டியல்ல எடம் இருக்கு.